கடல் கடந்து வந்த தாய்க்குதிரை



பசுவும் எருமையும் ஆடும் நம்மவரோடு நெடுங்காலம் கூடி வாழ்ந்தவை. குதிரையோ பழங்காலந்தொட்டே மரக்கலமேறி நம் கரையில் வந்திறங்கிய விருந்தாளி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அநுராதபுரத்தில் 22 ஆண்டுகள் அரசு செலுத்திய சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை வாணிகன் ஒருவனின் புதல்வர்கள் என்று மகாவம்சம் கூறுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர், திருப்பெருந்துறையிலே ஆட்கொள்ளப்பெற்று மாணிக்கவாசகரான வரலாற்றை நாம் யாவரும் அறிவோம்.

இன்றும் குதிரைகள் நாடு விட்டு நாடு சென்றுகொண்டுதான் இருக்கின்றன. கப்பலோடு விமானமும் இப்போது அவற்றைச் சுமக்கின்றது. இவ்வாறு செல்வனவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது, குட்டி ஈனுவதற்கென்றே வாங்கப்படும் தாய்க்குதிரை. அது சாந்த குணமும் உடையதாயின் அதன் மதிப்பு இருமடங்காகும். அத்தகைய தாய்க்குதிரை ஒன்று புதிய நாட்டுக்கு வந்து சேர்ந்தபின், அதன் உடல்நலமும் அதனிலும் முக்கியமாக அதன் அமைதியும் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதையே இன்று விளக்க விரும்புகின்றேன். இது குதிரை வைத்திருப்போருக்கு மட்டும் உரிய செய்தியென்று எண்ணி ஏனையோர் வானொலியை நிறுத்திவிட வேண்டியதில்லை. வாயில்லாச் சீவன் ஒன்று நம்மை எப்படிப் புரிந்துகொள்கின்றது என்பது எல்லோருக்கும் பயன்படும் அறிவேயாகும்.

முதலில் ஒரு பழைய தோல்வியைப் பார்ப்போம். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டு மன்னர்கள் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை வாங்கினார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் எழுதியுள்ளார். 1292 ஆம் ஆண்டளவில் அக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் இவ்வாணிகத்தைப் பற்றி எழுதினார். மன்னர் ஒருவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினால், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று.

அத்தனை பொன்னும் எங்கே போயிற்று? குதிரைகளுக்கு இறைச்சியோடு சேர்த்து வேகவைத்த சோறு ஊட்டப்பட்டது என்கிறார் மார்க்கோ போலோ. நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் கொடுத்தார்கள் என்கிறார் வசாபு. அத்தோடு, வந்திறங்கிய குதிரையைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்திலே கட்டிவைத்துவிட்டு, பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி ஏறி விரட்டினார்கள் என்றும், வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே சோம்பி மழுங்கிப் பயனற்றுப் போயின என்றும் அவர் எழுதுகின்றார். குதிரை வைத்தியம் அறிந்தோர் அந்நாட்டுக்குச் செல்வதைக் குதிரை வணிகர் விரும்பவில்லை. பழைய குதிரை மடிந்தால்தானே புதிய குதிரை விலைபோகும்! நம் தலைப்புக்கு நேராகப் பொருந்தும் செய்தி ஒன்றும் மார்க்கோ போலோவின் குறிப்பில் உண்டு. நல்ல ஆண்குதிரையோடு நல்ல பெண்குதிரையைச் சேர்த்தாலும், கால் கோணிய, சவாரிக்கு உதவாத சிறு குட்டியே அங்கே பிறந்ததாம்.

இரவிலே நரியாக மாறிய பரிகளைப் பற்றிப் புராணம் பேசுகின்றது. வரலாற்றிலோ பரிகள் நரியாக மாறவில்லை. ஆயினும் விலைகொடுத்து வாங்கியவை விலையற்றனவாகவே முடிந்தன.

இதற்கெல்லாம் நம் நாட்டு வெப்பமே காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு மறுமொழி நெடுந்தீவிலே நிற்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்த அத்தீவில், அவர்கள் ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. அவை உருவிற் சிறியவை. கடும் வரட்சியில் நீரின்றி மடிவனவும் உண்டு. ஆயினும் வெயில் எரிக்கும் அந்தச் சுண்ணக்கல் தரையிலே, தலைமுறை தலைமுறையாகக் குட்டி ஈன்று வந்திருக்கின்றன. ஆகவே வெப்பம் இடையூறு செய்யுமேயன்றி, அது ஒன்றே குதிரையைக் கெடுத்துவிடாது. பாண்டிநாட்டு லாயங்களிலே குறைந்திருந்தது பராமரிப்பு அறிவு. அவ்வறிவு யாது என்பதை இனிப் பார்ப்போம்.

பயணத்திலிருந்து தொடங்குவோம். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்றுகின்றது. நெடும் பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டிவைத்தால் அவை நுரையீரலிற் படிந்து காய்ச்சலை உண்டாக்கும். ஆதலின் இறங்கியவுடன் முதற்கடமை, தலையைத் தாழ்த்திப் புல்லுண்ண விடுதலாகும். அடுத்த சில நாட்களுக்குக் காலையும் மாலையும் உடல் வெப்பத்தை அளந்து குறித்துவைத்தல் வேண்டும். நலமான குதிரைக்கு அது ஏறத்தாழ 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரை இருக்கும். அதற்கு மேற்பட்டால், அன்றியும் இருமலோ மூக்குச் சளியோ தோன்றினால், கால்நடை வைத்தியரை உடனே அழைக்க வேண்டும். பிற குதிரைகளோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பார்ப்பதும் இதற்காகவே.

அடுத்தது உணவு. குதிரையின் உடற்பருமனோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை மிகச் சிறியது; உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. நாருணவைச் செரிக்கச் செய்பவை அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். உணவு திடீரென மாறினால் அவை குலைந்து கடும் வயிற்றுவலி உண்டாகும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. எனவே பழைய நாட்டில் உண்ட உணவு என்ன என்று கேட்டறிந்து, ஒரு கிழமை முதல் பத்து நாள் வரையில் சிறிது சிறிதாகவே புதிய உணவுக்கு மாற்றுதல் வேண்டும். 500 கிலோகிராம் நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் உலர்புல் தேவை. கொள்ளும் பிற தானியமும் துணையுணவே. புல்லுக்கு அவை ஈடாகா. நல்ல நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும். பாலூட்டும் தாய்க்குதிரை வெப்ப நாளிலே 60 லீற்றருக்கு மேலும் குடிக்கும்.

நம் போன்ற ஈரவெப்ப நாடுகளுக்குரிய தனித்த அபாயம் ஒன்றுண்டு. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளுட் சில, காலப்போக்கில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும். வெயிலில் நடந்து வந்த குதிரை மூச்சு வாங்கி நிற்க, அதன் தோல் உலர்ந்தே இருக்குமாயின் இந்நோயை ஐயுறலாம். நிழல், காற்றோட்டம், உடலில் குளிர்ந்த நீர் வார்த்தல், அதிகாலையில் மட்டும் பயிற்சி என்பன உதவும். குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு சென்றால் பெரும்பாலும் குணம் தெரியும்.

உடலுக்கு அடுத்தபடி உள்ளத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வந்திறங்கிய குதிரை அசையாது நிற்கின்றது, தொட்டாலும் விலகுவதில்லை. ‘எவ்வளவு சாதுவான குதிரை’ என்று வாங்கியவர் மகிழ்கின்றார். ஆனால் களைப்பும் அச்சமும் மிகுந்த உயிரும் அசையாமலேதான் நிற்கும். திகைப்பு வேறு, அமைதி வேறு. அமைதியான குதிரை தலையைத் தாழ்த்தி நிற்கும். காதுகளை இங்குமங்கும் திருப்பி ஒலி கேட்கும். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி இளைப்பாறும். அசைபோடுவது போல வாயை மெல்ல அசைக்கும். ஆள் வந்தால் தலை திருப்பிப் பார்க்கும். திகைத்த குதிரையின் காதுகள் அசையா, கண் விறைத்திருக்கும், வாய் இறுகியிருக்கும், தீனியில் நாட்டம் இராது. நாற்பது நாள் முளையிலே கட்டுண்டு மழுங்கிய குதிரைகளை வசாபு வருணித்தபோது, அமைதியைக் குறிக்கவில்லை. அமைதி இழந்துபோன நிலையையே அவர் குறித்தார்.

புதிய இடத்தில் குதிரைக்கு அச்சம் ஏன் என்பதை அதன் கண்ணே விளக்கும். தலையின் இருபுறத்தும் அமைந்த கண்களால் குதிரை தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் காண்கின்றது. ஆயினும் நெற்றிக்கு நேர்முன்னே சிறிதளவும் வாலுக்கு நேர்பின்னே சிறிதளவும் அதற்குத் தெரியா. திறந்த வெளியில் பகைவிலங்குக்கு அஞ்சி ஓடியே உயிர் காத்த இனம் அது. ஆகவே தோட்புறமாகக் குரல் கொடுத்துக்கொண்டே அணுகி, முதலில் கழுத்திலோ தோளிலோ கை வைத்தல் முறை. மேலும் அது கூட்டமாக வாழும் விலங்கு. தனிக்கொட்டிலில் வைக்க நேர்ந்தாலும் இன்னொரு குதிரை கண்ணிற் படும்படி வைத்தால் அதன் மனம் ஆறும்.

பின்பு பயிற்சி. ‘கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்’ என்பது நம் பழமொழி. மனிதரைக் குத்திக் காட்டவே அதைச் சொல்கின்றோம். ஆனால் குதிரையைப் பொறுத்தவரையில் அதிலே குற்றம் ஏதுமில்லை. தனக்கு இதமானதைத் தேடி, இடரானதை விலக்குவதே அது கற்கும் வழி. கயிற்றை மெல்ல இழுக்கிறோம். குதிரை ஓரடி முன்வைக்கின்றது. அக்கணமே கயிற்றைத் தளர்த்துகிறோம். தளர்த்துதல்தான் பாடம். அடி வைத்த பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரை எதையும் கற்பதில்லை. இழுப்பைப் பொருட்படுத்தாதிருக்கவே கற்கின்றது. சாந்தமான குதிரையிடம் இத்தவறு எளிதில் நேரும். முரட்டுக் குதிரை உடனே எதிர்த்துக் காட்டிவிடும், சாந்தமானதோ பொறுத்துக்கொள்ளும். அதன் பொறுமையைச் செலவழிக்கிறோம் என்பது நமக்கே தெரியாது போய்விடுகின்றது. கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4 ஆம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தியிருக்கின்றார். பாடம் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அது அமைதியோடு முடியவேண்டும்.

தாய்க்குதிரைக்கு வேண்டிய பாடங்கள் சிலவே. கழுத்துக் கயிற்றில் நடத்தல், அழைத்தால் வருதல், நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கவிடுதல், வைத்தியர் பார்க்கும்போது நிற்றல் என்பன அவை. இவற்றோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். வயிற்றையும் மடியையும் தொடும்போது கூசாமல் நிற்கும்படி, ஈனுவதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே பழக்கவேண்டும். முதன்முறை ஈனும் குதிரைகளுட் சில, மடியிலே குட்டியின் வாய் பட்டதும் கூச்சத்தால் உதைத்துத் தள்ளும். முன்கூட்டிப் பழக்கிய கை அக்கூச்சத்தைக் குறைத்துவிடும்.

குதிரையின் சூற்காலம் ஏறத்தாழ 340 நாள், அதாவது 11 மாதம். இறுதி மூன்று மாதங்களிலேயே குட்டி வேகமாக வளர்கின்றது. அப்போது ஊட்டம் சிறிது கூடவேண்டும். இக்காலத்தைப் பற்றி வாங்குவோர் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்து நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெறுகின்றது. குதிரைக் குட்டிக்கோ அந்த வழி இல்லை. அது சீம்பாலைக் குடித்தே அவற்றைப் பெறவேண்டும். அந்தப் பாலிலுள்ள எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவதும் பிறந்த முதல் நாளோடு முடிந்துவிடும். தாய் எந்த இடத்து நோய்க்கிருமிகளோடு பழகியதோ அவற்றுக்கு எதிரான காப்பே அதன் சீம்பாலில் இருக்கும். ஆகையால் வேற்றுநாட்டுக் குதிரை, தான் ஈனப்போகும் கொட்டிலுக்கு, ஈனும் நாளுக்கு ஒரு மாதம் முதல் ஆறு கிழமைகளுக்கு முன்பாவது வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். நிறைசூலோடு வந்து மறுவாரமே ஈன்ற குதிரையின் சீம்பாலில், பழைய நாட்டுக்குரிய கவசம் இருக்குமேயன்றிப் புதிய நாட்டுக்குரியது இராது.

ஈனுங்காலம் நெருங்கும்போது மடி பெருக்கும். காம்பின் நுனியில் மெழுகு போன்ற துளி திரளும். பெரும்பாலான குதிரைகள் இரவிலேயே ஈனுகின்றன. சுற்றிலும் ஆளரவம் இருந்தால் ஈனுவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடவும் அவை வல்லன. எனவே விளக்கைக் குறைத்து, ஓசையின்றி, தொலைவிலிருந்து கவனித்தல் நலம். பனிக்குடம் உடைந்தபின் அரைமணி நேரத்துள் குட்டி பிறந்துவிடல் வேண்டும்; தாமதித்தால் வைத்தியர் வேண்டும். அதன்பின் நினைவில் வைக்க எளிய கணக்கொன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கவேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கவேண்டும். மூன்று மணி நேரத்தில் தாயின் இளங்கொடி விழுந்துவிடவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

இனி, சாந்தமான தாயை ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தேடுகின்றோம் என்ற கேள்விக்கு வருவோம். குணத்தில் ஒரு பங்கு குருதிவழி வருவது. மறுபங்கு கண்டு கற்பது. இதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்களும், நாளொன்றுக்கு 15 நிமிடம், தாய்க்குதிரையை ஒருவர் மென்மையாகத் தேய்த்துவிட்டுக் கையால் உணவூட்டினார். குட்டியை அவர் தொடவேயில்லை. அது அருகில் நின்று பார்த்தது, அவ்வளவே. வேறு சில தாய்களுக்கு இவ்வாறு செய்யப்படவில்லை. முதல் வகைத் தாய்களின் குட்டிகள் மனிதரை அஞ்சாது அணுகின, தொட இடங்கொடுத்தன, அவ்வேறுபாடு ஓராண்டு கழிந்த பின்னரும் காணப்பட்டது. பிறந்தவுடனே குட்டியைப் பிடித்து வலிந்து தடவிப் பழக்குவதால் இத்தகைய நன்மை விளையவில்லை. அவ்வாறு பிடிக்கப்பட்ட குட்டிகள் தாயை விட்டு விலக அஞ்சியதைப் பிறிதோர் ஆய்வு காட்டியது.

இதன் பொருளைச் சிறிது எண்ணிப் பாருங்கள். குட்டிக்கு முதற் பாடசாலை தாயின் பக்கம். மனிதன் நெருங்கும்போது தாயின் காது எப்படித் திரும்புகின்றது, தசை இறுகுகின்றதா தளர்கின்றதா என்பதைக் குட்டி உற்றுநோக்கி, இவ்விலங்கு அஞ்சத்தக்கதா அன்றா என்று முடிவு செய்துகொள்கின்றது. தாயிடம் நாம் காட்டும் பரிவு, அவளோடு நின்றுவிடாமல் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கின்றது. தாய்க்கு நாம் இழைக்கும் கொடுமையும் அவ்வாறே போய்ச் சேரும். குட்டியைப் பால்மறக்கச் செய்யும்போதும் இதை நினைத்தல் வேண்டும். ஆறு மாதத்தில் ஒரே நாளில் பிரித்துக் கதறவிடுவதிலும், வளர்ந்த அமைதியான குதிரை ஒன்றைத் துணைவிட்டுப் படிப்படியாகப் பிரிப்பது நன்று.

பாண்டிய மன்னர்கள் 220 பொன் கொடுத்து ஒவ்வொரு குதிரையையும் வாங்கினார்கள். உலகின் மிகச் சிறந்த குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கின. வாங்கிய பின் செலவிடவேண்டியிருந்தது பொன்னன்று; நாள்தோறும் சிறிது நேரமும், பொறுமையும், கேட்டறியும் மனமுமே. அவற்றைச் செலவிடாத நாட்டில் ஆண்டுதோறும் பொன் கரைந்தது; குதிரையும் மடிந்தது. கடல் கடந்து வந்த ஒரு தாய்க்குதிரை நம் கொட்டிலிலே தலைதாழ்த்தி நின்று, தன் குட்டி நம்மை நோக்கி நடந்து வருவதைக் கலங்காது பார்த்துக்கொண்டிருக்குமாயின், வாங்கிய விலைக்கு மேலாக நாம் கொடுக்கவேண்டியதையும் கொடுத்துவிட்டோம் என்று கொள்ளலாம்.